சமூக ஊடக விளம்பரம்: அளவறிந்து எதிர்பார்த்தல்

சலாலாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தாக்கா ஊரைக் கடந்து சென்றால், கோர் ரோரி என்னும் கழிமுகத்தின் மேட்டில் சும்ஹுரம் என்ற பழந்துறைமுக நகரின் இடிபாடுகளைக் காணலாம். அங்கு அகழாய்வு நடத்திவந்த இத்தாலிய ஆய்வாளர்களுக்கு 2006-ஆம் ஆண்டில் ஒரு பானை ஓடு கிடைத்தது. பானையின் மூடியாகப் பயன்பட்ட அந்த ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்துகளால் 'ணந்தை கீரன்' என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது அறிஞர் கருத்து. இங்கு லுபான் எனவும் தமிழில் குந்திரிக்கம் எனவும் வழங்கும் நறும்பிசினுக்குப் பெயர்பெற்றிருந்த இக்கரையில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் தம் பெயரைப் பொருளின்மேல் பொறித்திருக்கிறார்.

இன்று சலாலாவில் கடை வைத்திருக்கும் தமிழர் தம் பெயரை ஃபேஸ்புக் பக்கத்திலும், இன்ஸ்டாகிராமிலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பொறிக்கின்றனர். பெயரைப் பிறர் காணச் செய்வது முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. ஆனால் கண்டவர் கடைக்கு வருவாரா, வந்தவர் வாங்குவாரா, வாங்கியவர் மீண்டும் வருவாரா என்னும் கேள்விகள் அன்று இருந்தவாறே இன்றும் இருக்கின்றன.

பாடத்தின் நோக்கம்

தையற்கடை, பலகாரக் கடை, மெஸ், அழகு நிலையம், கைப்பேசி பழுதுநீக்கும் கடை, சுற்றுலா வாகனச் சேவை போன்ற சிறுதொழில் நடத்துவோருக்கும், அத்தகைய தொழிலைத் தொடங்க எண்ணுவோருக்கும் இப்பாடம் உரியது. சமூக ஊடகத்தால் எதைப் பெறலாம், எதைப் பெற இயலாது, அதற்கு எவ்வளவு பணமும் காலமும் ஆகும் என்பவற்றை முன்கூட்டியே கணித்துக்கொள்வதற்கு இது துணைபுரியும்.

இக்கணிப்பு ஏன் தேவை என்பதையும் முதலிலேயே கூறிவிடுவது நலம். வளைகுடாவில் சிறுதொழிலில் இடப்படும் முதல் பெரும்பாலும் சேமிப்புப் பணம். ஊரிலுள்ள பெற்றோரின் மருத்துவச் செலவுக்கோ, பிள்ளைகளின் கல்விக்கோ, வீட்டுக் கடனுக்கோ செல்லவேண்டிய பணம் அது. சில வேளைகளில் ஊரில் நகையை அடகு வைத்துப் பெற்ற பணமாகவும் அது இருக்கும். 'ஒரு ரீல் ஓடிவிட்டால் போதும்' என்ற நம்பிக்கையில் அப்பணத்தை விளம்பரத்தில் இட்டு, மூன்று மாதத்தில் வாடகை கட்ட முடியாமற்போகும் நிலை எவருக்கும் வரலாகாது. மறுபுறம், ஒருமுறை முயன்று பயன் காணாததால், 'இதெல்லாம் வீண்' என்று முற்றிலும் கைவிடுவதும் இழப்பே. இவ்விரு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: அளவு அறியாத எதிர்பார்ப்பு.

1. பின்தொடர்வோர் அனைவரும் காண்பதில்லை

ஒரு பக்கத்தை 1,000 பேர் பின்தொடர்ந்தால், அதில் இடும் ஒவ்வொரு பதிவையும் 1,000 பேரும் காண்பர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. பயனர் ஒருவர் செயலியைத் திறக்கும்போது எந்தப் பதிவை முன்னே காட்டுவது, எதைப் பின்னே தள்ளுவது என்பதை நிறுவனத்தின் கணினி நிரலே முடிவு செய்கிறது. உறவினரின் திருமணப் படமும், நண்பரின் செய்தியும், பிறர் நீண்ட நேரம் பார்த்த காணொளியும் முன்னே வருகின்றன. கடையின் விளம்பரப் பதிவு பின்னே செல்கிறது.

ஓகில்வி என்னும் உலகளாவிய விளம்பர நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட வணிகப் பக்கங்களை ஆராய்ந்து 2014-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கட்டணம் செலுத்தாமல் இட்ட பதிவுகள் 2013 அக்டோபரில் பின்தொடர்வோருள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரைச் சென்றடைந்தன. 2014 பிப்ரவரியில் அது 6 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்து இலட்சத்துக்கு மேல் பின்தொடர்வோரைக் கொண்ட பெரிய பக்கங்களுக்கு அது ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. பின்னர் 2018 ஜனவரியில், வணிகப் பதிவுகளைவிட நண்பர், உறவினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை தரப்படும் என ஃபேஸ்புக் நிறுவனத் தலைவர் மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாகவே அறிவித்தார். ஆகவே, பதிவு பலரைச் சேரவில்லையெனில் அது கடைக்காரரின் குறைபாடு மட்டுமன்று. அமைப்பே அவ்வாறு இயங்குகிறது.

கண்டவர்களிலும் மிகச் சிலரே ஏதேனும் செய்கின்றனர். ஆஸ்திரேலியாவின் எரன்பர்க்-பாஸ் ஆய்வு நிறுவனம், ஃபேஸ்புக்கில் மிகப் பெரிய 200 வணிகப் பெயர்களின் பக்கங்களை ஆராய்ந்து 2012-இல் தன் முடிவை வெளியிட்டது. பின்தொடர்வோருள் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே ஒரு வாரத்தில் அப்பக்கத்தோடு ஏதேனும் ஒரு வகையில் ஈடுபட்டனர். உலகமறிந்த பெயர்களுக்கே அந்நிலை எனில், அவ்காதிலோ தாரிஸிலோ உள்ள சிறு கடைக்கு எவ்வளவு என்பதை உணரலாம்.

இவை பழைய எண்கள். இன்றைய அளவு தளத்துக்குத் தளம் மாறும். ஆயினும் பாடம் மாறவில்லை: பின்தொடர்வோர் எண்ணிக்கை, காண்போர் எண்ணிக்கை, கேட்போர் எண்ணிக்கை, வாங்குவோர் எண்ணிக்கை என்பவை நான்கு வெவ்வேறு எண்கள். ஒவ்வொரு படியிலும் எண் பெருமளவு குறையும்.

2. புகழ்பெற்றோரை அளவுகோலாகக் கொள்ளலாமா?

சமூக ஊடக வெற்றி என்றதும் தமிழர் பலருக்கு நினைவுக்கு வருவது, புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. சமையல் அனுபவம் வாய்ந்த தாத்தாவும் பேரன்மாரும் 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த யூடியூப் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் ஆயிற்று. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு அமர்ந்து காளான் பிரியாணி உண்ட காணொளி நாடெங்கும் பேசப்பட்டது.

அவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் ஒரு கடைக்காரர் அதை அளவுகோலாகக் கொள்ளுமுன் மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது, கோடி பேர் கண்ட சேனல் ஒன்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே ஆண்டில் அதே போன்ற கருவியோடும் ஆர்வத்தோடும் தொடங்கி, சில நூறு பார்வைகளோடு நின்றுபோனவை கண்ணுக்குத் தெரிவதில்லை. வென்றவரை மட்டும் எண்ணினால் வெற்றி எளிதாகத் தோன்றும்.

இரண்டாவது, ஒரு கோடியை எட்ட அவர்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. இடைவிடாத உழைப்பின் பயன் அது. ஒரே நாளில் வந்ததன்று.

மூன்றாவது, தொழிலின் தன்மையே வேறு. யூடியூப் சேனலுக்குப் பார்வையே பண்டம். பார்வை கூடினால் விளம்பர வருவாய் கூடும்; பார்ப்பவர் பொள்ளாச்சியில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் பயன் உண்டு. சலாலாவில் உள்ள பலகாரக் கடைக்குப் பார்வை பண்டமன்று. அது கடைவாசலைக் கடந்து செல்லும் காலடி மட்டுமே. முறுக்குப் பிழியும் காணொளியை மதுரையில் ஐம்பதாயிரம் பேர் கண்டாலும், சலாலாவில் ஒரு கிலோ முறுக்குக்கூடக் கூடுதலாக விற்காமற்போகலாம்.

3. சலாலாவின் சந்தை எத்தகையது?

சென்னையிலோ துபாயிலோ எழுதப்பட்ட விளம்பர ஆலோசனை சலாலாவுக்கு அப்படியே பொருந்தாது. இதற்கு இடம், பருவம், மொழி என்னும் மூன்றும் காரணம்.

இடம்: மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரம் இது. இங்கு வாழ்வோர் சில இலட்சம் பேரே. அவர்களுள் தமிழ் அறிந்தோர் ஒரு சிறு பகுதி. தமிழில் மட்டும் விளம்பரம் செய்யும் கடைக்கு எட்டக்கூடிய எல்லை மிகக் குறுகியது. ஒரு சிறிய ஊரில் விளம்பரத்துக்கு மேலும் மேலும் பணம் இட்டால், புதியவர் வருவதில்லை. பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்க்கின்றனர். இதே சிறுமையில் ஒரு நன்மையும் உண்டு. நல்ல பொருளைப் பற்றிய சொல், இந்தியன் சோஷியல் கிளப்பின் விழாவிலும், பள்ளி வாசலிலும், வெள்ளிக்கிழமைச் சந்திப்பிலும் விரைந்து பரவுகிறது. கெட்ட பெயரும் அதே விரைவில் பரவும் என்பதை மறக்கலாகாது.

பருவம்: ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை கரீஃப் பருவம். வளைகுடாவின் மற்ற பகுதிகள் வெயிலில் காயும்போது சலாலாவின் மலைகள் தூறலில் பசுமை பூணுகின்றன. அந்த மூன்று மாதங்களில் தோஃபாருக்கு வந்த பயணிகளின் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. இத்தீன் சமவெளி, வாதி தர்பாத், முக்சைல் கடற்கரை எங்கும் மக்கள் திரள்கின்றனர். ஆகஸ்டு மாதத்தில் ஒரு கடையின் விற்பனை இரட்டிப்பாயின், அது ரீலின் விளைவா, கரீஃபின் விளைவா என்று கேட்டறிய வேண்டும். விளம்பரமே செய்யாத பக்கத்துக் கடையிலும் அதே மாதம் கூட்டம் இருந்ததெனில், விடை வெளிப்படை. அவ்வாறே, அக்டோபரில் விற்பனை சரிந்தால் விளம்பரம் தோற்றதாகவும் கொள்ளலாகாது. ஆகஸ்டு விற்பனையைச் சென்ற ஆண்டின் ஆகஸ்டோடு ஒப்பிடுவதே முறை.

மொழி: கரீஃப் பயணிகளுள் பெரும்பாலோர் ஓமானியர், அடுத்த நிலையில் சவூதி, அமீரகம் முதலிய அண்டை நாட்டினர். தமிழ்ப் பதிவு அவர்களைச் சேராது. பயணிகளை நாடும் வாகனச் சேவையோ தங்குமிடமோ அரபியிலும், அடுத்து ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரியாகப் பதிய வேண்டும். வெளியூர்ப் பயணி இரவு ஒன்பது மணிக்குத் தேடுவது அழகான காணொளியை அன்று, திறந்திருக்கும் கடையை. ஆண்டு முழுவதும் தமிழ்க் குடும்பங்களை நம்பியுள்ள மெஸ்ஸுக்கோ தையற்கடைக்கோ இதற்கு மாறான வழி பொருந்தும்.

4. ஒரு மாதக் கணக்கு

எதிர்பார்ப்பை அளவிடச் சிறந்த கருவி கணக்கு நோட்டு. கீழுள்ளது கற்பனையான எடுத்துக்காட்டு. எண்களை அவரவர் கடைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பலகாரக் கடை இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஒரு மாதம் 30 ரியால் செலவிடுகிறது என்க.

விளம்பரத்தைக் கண்டவர்: 12,000 பேர்.
அதைத் தொட்டுப் பக்கத்துக்கு வந்தவர்: 180 பேர்.
வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர்: 18 பேர்.
வாங்கியவர்: 6 பேர்.
ஒருவர் வாங்கிய சராசரித் தொகை: 6 ரியால். மொத்த விற்பனை: 36 ரியால்.

30 ரியால் இட்டு 36 ரியால் வந்தது. ஆகவே 6 ரியால் ஆதாயம் என்று மனம் சொல்லும். அது பிழை. மாவு, எண்ணெய், எரிவாயு, கூலி, பொதி ஆகியவற்றுக்கான செலவு போக, பத்து ரியால் விற்பனையில் நான்கு ரியால் மிஞ்சுகிறது என்று கொண்டால், 36 ரியாலில் மிஞ்சுவது 14 ரியால் 400 பைசா மட்டுமே. விளம்பரச் செலவு 30 ரியாலைக் கழித்தால், அம்மாதம் 15 ரியால் 600 பைசா நட்டம்.

ஆயின் விளம்பரம் வீணா? அதற்கு இன்னும் ஒரு கணக்கு வேண்டும். அந்த ஆறு பேருள் இருவர் தொடர்ந்து ஆறு மாதம், மாதம் ஒருமுறை அதே அளவு வாங்கினால், 12 முறை 2 ரியால் 400 பைசா வீதம் 28 ரியால் 800 பைசா மிஞ்சும். முதல் மாதத்தின் 14 ரியால் 400 பைசாவோடு சேர்த்தால் 43 ரியால் 200 பைசா. செலவு போக 13 ரியால் 200 பைசா ஆதாயம்.

இக்கணக்கு உணர்த்துவது யாது? ஆதாயமும் நட்டமும் விளம்பரத்தைக் கண்ட 12,000 பேரால் முடிவாகவில்லை. திரும்ப வந்த இருவரால் முடிவாயிற்று. அவ்விருவரைத் திரும்ப வரச் செய்தது பலகாரத்தின் சுவையும், சொன்ன நேரத்தில் கொடுத்ததும், மரியாதையான பேச்சும் ஆகும். பண்டம் சரியில்லாத கடைக்கு விளம்பரம் நன்மை செய்யாது. குறையைப் பலருக்கு விரைந்து அறிவிக்கும்.

மேலும், காலமும் செலவே. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் படம் எடுக்கவும் பதில் எழுதவும் சென்றால், மாதம் 30 மணி நேரம் ஆகிறது. அந்நேரத்தில் இரண்டு சுரிதார் தைத்திருக்கலாமெனில், அவற்றின் கூலியும் விளம்பரச் செலவோடு சேரும்.

5. காலம் எடுக்கும்

சலாலாவின் வடக்கே வாதி தவ்காவில் குந்திரிக்க மரங்கள் நிற்கின்றன. அப்பள்ளத்தாக்கு, சும்ஹுரம், அல் பலீத் ஆகியவற்றோடு சேர்ந்து, 2000-ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக உள்ளது. அம்மரத்தின் பட்டையை முதன்முறை கீறும்போது கசியும் பால் பெருமதிப்புடையதன்று. சில வாரங்கள் விட்டு மீண்டும் கீற வேண்டும். அதன் பின்னரே சந்தைக்குரிய நற்பிசின் கிடைக்கும். அளவு மீறிக் கீறினால் மரமே நலியும்.

சமூக ஊடகப் பணியும் ஏறத்தாழ அத்தகையதே. முதல் மாதத்தில் விற்பனை எதிர்பார்ப்பது முறையன்று. எந்தப் படம் கேள்விகளைக் கொணர்கிறது, எந்த நேரத்தில் மக்கள் பார்க்கின்றனர், என்ன கேட்கின்றனர் என்பவற்றை அறிவதே முதல் மாதத்தின் பயன். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் சில வாடிக்கையாளர் அமையலாம். நாளுக்கு ஐந்து பதிவு இட்டு மக்களைச் சலிப்படையச் செய்வதைவிட, வாரம் இரண்டு நல்ல பதிவை ஓராண்டு இடைவிடாது இடுவது மேல்.

'ஒரு மாதத்தில் பத்தாயிரம் ஃபாலோயர் தருகிறோம்' என்று கூறிப் பணம் கேட்போரும் உண்டு. அவ்வாறு விலைக்கு வரும் கணக்குகள் பெரும்பாலும் போலியானவை. அவை பலகாரம் வாங்குவதில்லை. அதுமட்டுமன்றி, பின்தொடர்வோர் எவரும் பதிவுகளைப் பொருட்படுத்தவில்லை எனக் கணினி நிரல் கணித்து, உண்மையான வாடிக்கையாளருக்கும் அப்பதிவுகளைக் காட்டாமல் விடக்கூடும்.

6. இரவல் நிலத்தில் கட்டிய வீடு

ஃபேஸ்புக் பக்கமோ டிக்டாக் கணக்கோ கடைக்காரருக்குச் சொந்தமானதன்று. அது நிறுவனம் இரவலாகத் தந்த இடம். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. ஏறத்தாழ 20 கோடி இந்தியப் பயனர்களைக் கொண்டிருந்த தளம் ஓரிரு நாளில் மறைந்தது. அதில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பின்தொடர்வோரைச் சேர்த்த தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கலைஞர்களும் சிறுவணிகரும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. வாட்ஸ்அப்பில் மட்டும் ஆர்டர் பெற்றுவந்த கடைகளுக்கு அன்று மாலை வியாபாரமே இல்லை.

ஆகவே வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும், அவர்தம் ஒப்புதலோடு, தனியே ஒரு நோட்டில் எழுதி வைப்பது நலம். ஒரே தளத்தை நம்பாமல் இரண்டில் இருப்பதும், கடைக்கு வெளியே தெளிவான பெயர்ப் பலகையும், அட்டையில் தொலைபேசி எண்ணும் வைத்திருப்பதும் இன்றும் பயனுடையன.

7. சமூக ஊடகம் நன்றாகச் செய்யும் பணிகள்

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது இப்பாடத்தின் ஒரு பாதி. சரியான இடத்தில் எதிர்பார்ப்பது மறுபாதி. சிறுகடைக்குச் சமூக ஊடகம் உறுதியாகப் பயன்படும் பணிகள் சில உண்டு.

ஒன்று, ஏற்கெனவே வாங்குவோருக்கு நினைவூட்டுதல். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னும், நோன்புப் பெருநாளுக்கு முன்னும், பள்ளி திறக்குமுன்னும் இடும் ஒரு வாட்ஸ்அப் செய்தி, புதியவருக்குச் செய்யும் பெரிய விளம்பரத்தைவிடக் கூடுதல் பயன் தரலாம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவருக்கே அச்செய்தி சேரும். ஆகவே வாடிக்கையாளர் கடைக்கு வரும்போதே எண்ணைப் பதியச் சொல்வது அவசியம்.

இரண்டு, கேள்விக்கு விடை தருதல். விலை, நேரம், இடம், வீட்டுக்கு வந்து தரும் வசதி ஆகியவை பக்கத்தில் தெளிவாக இருப்பின், பாதி தொலைபேசி அழைப்புகள் குறையும். 'விலைக்குத் தனிச்செய்தி அனுப்புக' என்பது வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழி.

மூன்று, நம்பிக்கை ஊட்டுதல். புதிதாக வருபவர் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். உண்மையான பொருளின் படமும், வாடிக்கையாளரின் நேர்மையான கருத்தும் அவருக்குத் துணிவு தரும். இணையத்திலிருந்து எடுத்த படத்தைத் தம் பொருள் எனக் காட்டினால், முதல் வாங்கலோடு அந்நம்பிக்கை முடியும்.

8. சட்டம் அறிந்து செயற்படுதல்

சமூக ஊடகத்தில் விற்பதும் வணிகமே. கடைவாசல் இல்லை என்பதால் உரிமம் வேண்டாம் என்று கருதுவது பெரும்பிழை. ஓமானில் மின்வணிகத்துக்கென 2023-ஆம் ஆண்டில் தனி ஒழுங்குமுறை வெளியாயிற்று. பணம் பெற்றுப் பிறர் பொருளை இணையத்தில் விளம்பரம் செய்வோருக்கும் உரிமம் தேவை. பணி விசாவில் உள்ளவர் தம் வேலையளிப்பவர் அல்லாத பிறருக்காகவோ, தனியாகவோ, அனுமதியின்றித் தொழில் செய்தல் ஆகாது. 'வீட்டில் சமைத்துத் தருகிறோம்' என்ற ஒரு பதிவு, குடும்பத்தின் விசாவையே இடருக்குள்ளாக்கலாம். உணவு, அழகுச் சேவை போன்றவற்றுக்கு நகராட்சியின் அனுமதி பற்றித் தொடங்குமுன்பே பலதியா சேவை மையத்தில் கேட்டறிய வேண்டும்.

2021 ஏப்ரல் 16 முதல் 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி நடைமுறையில் உள்ளது. ஆண்டு விற்பனை 38,500 ரியாலைத் தாண்டினால் வரிப் பதிவு கட்டாயம். இணையத்தில் விற்றதும் இக்கணக்கில் சேரும்.

பிறர் படத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவது 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். கடைக்கு வந்த குடும்பத்தையும், கரீஃப் பயணிகளையும் கேளாமல் படமெடுத்து ரீலில் இடலாகாது. பெண்கள், குழந்தைகள் வகையில் மிகுந்த கவனம் தேவை. ஒப்புதல் தராதவருக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதையும் 2022-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

9. தொண்ணூறு நாள் சோதனைத் திட்டம்

முதல் நாள்: இழந்தாலும் குடும்பச் செலவு தடைபடாத ஒரு தொகையை ஒதுக்குக. வாடகை, சம்பளம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றில் கைவைத்தல் கூடாது. கடன் பெற்று விளம்பரம் செய்தல் அறவே ஆகாது.

முதல் 30 நாள்: பணம் செலவிடாமல் வாரம் இரண்டு பதிவு இடுக. கடைக்கு வரும் ஒவ்வொரு புதியவரிடமும், 'எங்கள் கடையை எப்படி அறிந்தீர்கள்?' என்று கேட்டு நோட்டில் குறித்து வைக்க. கணினி காட்டும் எண்களைவிட இந்நோட்டு நம்பத்தக்கது.

அடுத்த 30 நாள்: அதிகக் கேள்விகளைக் கொணர்ந்த ஒரு பதிவுக்கு மட்டும் சிறு தொகை இட்டு, சலாலாவில் இருப்போருக்கு மட்டும் காட்டுமாறு அமைக்க. இவ்வெல்லையைக் குறிக்காவிடில் பணம் மஸ்கட்டிலும் பிற இடங்களிலும் கரையும்.

இறுதி 30 நாள்: மேலே கண்டவாறு கணக்கிடுக. ஒரு வாடிக்கையாளரைப் பெற ஆன செலவு எவ்வளவு, அவர் மீண்டும் வந்தாரா என்னும் இரண்டையும் பார்க்க. பயன் தெரிந்தால் தொடர்க. தெரியாவிடில் தொகையை நிறுத்தி, நினைவூட்டும் பணிக்கு மட்டும் ஊடகத்தைப் பயன்படுத்துக. நிறுத்துவது தோல்வியன்று, 90 நாளில் அறிந்ததைக் கொண்டு மீதிப் பணத்தைக் காத்தலாகும்.

தன்மதிப்பீட்டு வினாக்கள்

1. கடையின் பக்கத்தைப் பின்தொடர்வோருள் சலாலாவில் வாழ்வோர் எத்தனை பேர்?
2. சென்ற மாதம் சமூக ஊடகத்தால் மட்டும் வந்து வாங்கியவர் எத்தனை பேர்? அதை எவ்வாறு அறிந்தீர்?
3. ஒரு பொருளை விற்றால் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு? ஒரு புதிய வாடிக்கையாளரைப் பெற ஆகும் செலவு அதைவிடக் கூடுதலா?
4. கரீஃப் மாத விற்பனையை எந்த மாதத்தோடு ஒப்பிடுகிறீர்?
5. நாளை அந்தச் செயலி இயங்காவிடில், வாடிக்கையாளரை எவ்வாறு அடைவீர்?
6. செய்யும் தொழிலுக்குரிய உரிமங்கள் அனைத்தும் நடப்பில் உள்ளனவா?

இவ்வாறு வினாக்களுக்கும் எண்களோடு விடை எழுத முடிந்தவர் விளம்பரத்துக்குப் பணம் செலவிடலாம். விடை தெரியாதவை இருப்பின், முதலில் ஒரு மாதம் நோட்டு எழுதி அவற்றை அறிந்துகொள்வது நலம். அதற்குச் செலவு ஒரு நோட்டின் விலை மட்டுமே.